பஸ் நிறுத்தம் வரை

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. காற்புள்ளிகூட நடந்தது நடந்தபடியே வைக்கப்பட்டிருக்கிறது. பொய்யே சொல்லாத ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும்போது பொய் கலந்தால் அந்தப் பாவம் யார் தலையில் போய் விடியும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பயத்தோடுதான் இது சொல்லப்படுகிறது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தெருவுக்கே அவர் கண்ணாடிக்காரர். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். சமணக் குடும்பம். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிப்பார். விளக்கைத் தேடி வருகிற பூச்சி தட்டில் விழுந்து செத்துவிடக் கூடாதென்று பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். கிழங்கு வகைகளைத் தொடமாட்டார். ஒரு கிழங்கைப் பிடுங்கினால் மண்ணுக்குள் எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வருகிறதோ என்பார். கடையைப் பெருக்குவதற்கு முன்னால் துடைப்பத்தால் தரையை லேசாகத் தட்டி, "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சொல்லிவிட்டு நிற்பார். எறும்புகள் தள்ளிக்கொண்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கொசு கையில் உட்கார்ந்தால் அது குடித்து முடிக்கிறவரை அசையமாட்டார். அந்தத் தெருக் கொசுக்கள் நாளடைவில் கூச்சப்பட்டு எதிர்வரிசைக் கடைகளுக்குப் போய்விட்டன.

அவருக்கு ஓர் அக்கா. அதே தெருவில் வடக்குக் கோடியில் பொத்தான் கடை. சிப்பி, கொம்பு, எலும்பு என்று உயிரிலிருந்து வந்த பொத்தான் எதையும் அவள் விற்கமாட்டாள். மரமும் உலோகமும் பிளாஸ்டிக்கும்தான். ஆனால் தம்பியைப் போல முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு தர்மம் செய்வது அவளுக்கு வராது. சிரித்துக்கொண்டே செய்வாள். முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்ததால் அவள் கடையை விட்டு நகருவதில்லை. அதனால் தம்பி தினமும் காலையில் தன் கடையைத் திறப்பதற்கு முன் அங்கே போவார். முக்காலியில் உட்கார்ந்து, அவள் கொடுக்கிற வெந்நீரைக் குடித்து, அவள் கிண்டலையும் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார். பொழுது அப்படித்தான் விடியும். அதை யாரும் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததில்லை. அவரும் நினைத்ததில்லை.

ஒரு சமயம், நடந்தே ஊர் ஊராகப் போகிற துறவி அம்மையார் ஒருவர் அந்தத் தெருவில் தங்கினார். வெறுங்கால், வெள்ளைச் சேலை, வாயை மறைத்த சிறு துணி. அக்காவின் கடையில்தான் நாலு பேரைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினார். பேச்சு திசை விரதத்தைப் பற்றி. இல்லறத்தில் இருக்கிறவன் தான் போய்வரும் எல்லையைத் தானே வரைந்துகொள்வது. எல்லாருக்கும் தெரிந்த அடையாளங்களைச் சொல்லி வரைய வேண்டும். அதற்கு வெளியே இருக்கிற அத்தனை உயிருக்கும் இனி அவனால் தீங்கில்லை. அங்கே அவன் எதையும் மிதிக்கமாட்டான், எதற்கும் ஆசைப்படமாட்டான். கால் போகாத இடத்துக்கெல்லாம் அவனும் ஒரு துறவிதான்.

அந்த அம்மையார் இன்னொன்றும் சொன்னார். எல்லையைத் தாண்டாமலேயே தாண்டுகிற வழிகள் சில உண்டு. வெளியே இருப்பதை உள்ளே வரவழைப்பது, தனக்காக ஆளை வெளியே அனுப்புவது, குரல் கொடுப்பது, இருமியோ கனைத்தோ குறிப்புக் காட்டுவது, உருவத்தைக் காட்டிக் கூப்பிடுவது, எதையாவது எறிவது. இவையும் குற்றம்தான்.

கண்ணாடிக்காரர் உருகிப்போனார். அங்கேயே எழுந்து கைகூப்பினார். கிழக்கே வாய்க்கால் வரை. மேற்கே தண்ணீர்த் தொட்டி வரை. தெற்கே முடிதிருத்தும் கடை வரை. மேலே மொட்டை மாடி வரை, கீழே நிலவறைப் படி வரை. வடக்கே என்று வந்தபோது சற்று யோசித்தார். அக்கா கடை உள்ளே வர வேண்டும். அதை ஒட்டினாற்போல் அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். "வடக்கே பஸ் நிறுத்தம் வரை" என்றார். உயிர் இருக்கிற காலம் முழுவதும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"நல்லா யோசிச்சுக்கடா," என்றாள் அக்கா. "பஸ் நிறுத்தம் வரைக்கும் வருவே, பஸ்ஸுல ஏறமாட்டே. உன்னைப் பார்த்துப் பார்த்து டிரைவர் நிறுத்திக்கிட்டே இருக்கப் போறான். பாவம், அவனும் ஒரு உயிர்தானே."

தெருவில் அவருக்கு மரியாதை கூடிப்போயிற்று. சொன்னால் சொன்னதுதான் என்பதற்கு அவரை உதாரணம் காட்டினார்கள். அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வினை எறும்பு வடிவில் வந்தது. பஸ் நிறுத்தத்துக் கம்பத்தடியில் கறுப்பு எறும்புகள் புற்று வைத்திருந்தன. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா? கால் மாற்றுவார்கள், பைகளைத் தொப்பென்று வைப்பார்கள். கண்ணாடிக்காரர் தினமும் போய், "கொஞ்சம் பார்த்து, கொஞ்சம் பார்த்து" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒருநாள் நகராட்சிப் பொறியாளர் கண்ணாடி மாற்ற வந்தார். கண்ணாடிக்காரர் அவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "அந்தக் கம்பத்தடியில என்ன தெரியுதுன்னு போய்ப் பாருங்க" என்று அனுப்பினார். பொறியாளர் வாழ்நாளில் முதல் முறையாக எறும்பைப் பார்த்தவர்போல முகம் வெளுத்துத் திரும்பினார்.

"கம்பத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நட்டா போதும் சார்," என்றார் கண்ணாடிக்காரர்.

மற்ற எந்தக் காரியத்துக்கும் மாதக்கணக்கில் அலையவைக்கிற அலுவலகம் அது. அன்றைக்கு மட்டும் சாப்பாட்டு வேளைக்குள் ஆட்கள் வந்து, கம்பத்தைப் பிடுங்கி, பெஞ்சையும் தூக்கி, இரண்டையும் தெருவில் தெற்கே கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனார்கள். கண்ணாடிக்காரர் வாசலில் நின்று ரசித்தார். ஓர் உயிர்கூடச் சாகவில்லை.

அவர் மனைவியும் வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உங்க அக்கா கடை இப்ப எந்தப் பக்கம்?"

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். நடுவில் கம்பம். இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம், பெயர்ப்பலகையை இங்கிருந்தே படிக்கலாம் என்கிற தூரத்தில், பொத்தான் கடை.

"கம்பம்தானே நகர்ந்துச்சு. எல்லை அங்கேயேதானே இருக்கு," என்றாள் மனைவி.

"நான் இடத்தைச் சொல்லலை. பஸ் நிறுத்தம்னு சொன்னேன். சொன்ன சொல் எங்க நிக்குதோ அங்கதான் எல்லை."

"சொல்லுக்குக் காலா இருக்கு, நடந்து போய் நிக்க?"

"எதையும் ஒரே பக்கத்துல இருந்து பார்த்துட்டு முடிவு கட்டக் கூடாதும்மா. நம்ம பெரியவங்க சொன்னது அதுதான். ஒரு வகையில பஸ் நிறுத்தம் அங்க இருக்கு. ஒரு வகையில அங்க இல்லை. ஒரு வகையில இருக்கு, இல்லை, ரெண்டும். ஒரு வகையில சொல்லவே முடியாது."

"ஒரு வகையில உங்களுக்குக் கிறுக்கு."

"அதுவும் ஒரு பக்கம்," என்று அவர் நியாயமாக ஒப்புக்கொண்டார்.

சந்தேகம் வந்தால் குறுகிய எல்லையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். துறவி அம்மையார் திரும்பி வரும்போது கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். அவர் எந்தத் திசையில் நடந்துகொண்டிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? அதுவரை பொறுக்க வேண்டியதுதான். இப்படியாக, கண்ணாடிக்காரரால் இனி எந்தத் தீங்கும் வராது என்று அபயம் பெற்ற கோடானுகோடி உயிர்களில் அவருடைய அக்காவும் ஒன்றானாள்.

மறுநாள் காலை அவர் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. ஏன் என்று சொல்லி அனுப்பலாமா? அனுப்பினால் குற்றம். கூப்பிட்டுச் சொல்லலாமா? குரல் போகும். கடையிலேயே இருந்தார். அங்கே வேறொரு சிக்கல் முளைத்தது. மூக்குக்கண்ணாடிக் கடை என்றால் சுவரெல்லாம் நிலைக்கண்ணாடி. வாசல் பக்கத்துக் கண்ணாடியில் அவர் உருவம் விழுந்து, தெரு நெடுக ஓடி, அக்கா கடை வரை போகிறதோ என்ற ஐயம் வந்தது. எல்லாவற்றையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

கண்ணாடி வாங்க வருகிறவர்கள் முகம் பார்க்க வழியில்லை. அவர் மனைவியிடம்தான் கேட்பார்கள், "எப்படி இருக்கு?" என்று. அவளும் பொய் சொல்லாத குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். உள்ளதைச் சொல்வாள். ஒருவர் அழுதுகொண்டே போனார். மற்றவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

பொத்தான் கடையிலிருந்து பார்த்த அக்காவுக்குத் தெரிந்ததோ வேறு. தம்பி வரவில்லை. அவன் கடையில் தன்னைப் பார்த்திருந்த கண்ணாடியெல்லாம் முதுகைக் காட்டுகின்றன.

அவள் போன் செய்தாள். மணி அடித்ததும் அவர் எடுத்தார். எடுப்பது குற்றமில்லை, வருகிற குரல் தானாக வருகிறது. பதில் சொன்னால்தான் இவர் குரல் எல்லையைத் தாண்டும். ஆகவே காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, என்னடா? உடம்புக்கு முடியலையா?"

அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

"நான் ஏதாவது சொல்லிட்டேனா? டிரைவர்னு ஏதோ கிண்டல் பண்ணினேனே, அதுவா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். போனில் தலையாட்டுவது குரலும் இல்லை, உருவமும் இல்லை. எந்த விதியையும் மீறாத ஒரே பதில் அதுதான்.

"சரிடா. வெந்நீர் ஆறிப்போகுது," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். பிறகும் பல காலை போன் வந்தது. பேசுவாள், கொஞ்சம் காத்திருப்பாள், வைத்துவிடுவாள். காத்திருக்கிற நேரம் வரவரக் குறைந்துகொண்டே வந்தது. அதை அவர் கவனித்தார்.

மனைவியைத் தூது அனுப்ப வழியில்லை. அவளே ஒருநாள், "நீங்க ஒண்ணும் என்னை அனுப்பலை. எனக்குப் பொத்தான் வேணும், நான் போறேன்" என்று கிளம்பினாள். திரும்பி வந்ததும் என்ன சொன்னாள் அக்கா என்று கேட்கவும் முடியாது. வெளியே இருந்த செய்தியை உள்ளே வரவழைத்ததாகிவிடும். அவள் விவரமானவள். மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கிற இயந்திரத்தின் முன் உட்கார்ந்து அதனிடம் பேச ஆரம்பித்தாள். இயந்திரம் ஓடினால் காதில் விழாது. அவர் எண்ணெய் போடுவதாகச் சொல்லி அதை நிறுத்தினார்.

"கேட்டுக்கோ, மெஷினு," என்றாள். "அவங்க நம்பலை. கம்பம் நகர்ந்துச்சாம், அதனால தம்பி வரலையாம், நல்லா இருக்கே கதைன்னு சிரிக்கிறாங்க. கோபம்னா கோபம்னு சொல்லச் சொல்லு, எதுக்கு நீ வந்து எனக்குக் காது குத்தணும்னு கேக்கறாங்க. சிரிச்சிட்டுத்தான் சொன்னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் பொத்தானையே பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஏற்கெனவே பிரிச்ச பொத்தான்."

அந்த இயந்திரத்துக்கு அன்று போட்ட எண்ணெய் அதன் ஆயுளுக்கும் போதும்.

அந்த வருஷம் அவருக்குச் சளி பிடித்தது. இருமல் வந்தது. இருமல் குறிப்பாகிவிடுமோ என்று நிலவறைப் படியில் இறங்கி, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினார். தம்பி இருமினால் தெருக்கோடியிலிருந்தே தெரிந்துகொள்கிறவள் அவள். இப்போது ஒரு சத்தமும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டாளாம். இதையும் இயந்திரம்தான் கேட்டுக்கொண்டது.

பிறகு அக்காவின் மகள் வந்தாள். வெளியூரில் இருப்பவள். கடையைக் காலி செய்து அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக ஏற்பாடு. புறப்படுகிற நாளும் அவர் காதுக்கு எட்டியது. அதாவது இயந்திரத்தின் காதுக்கு.

அன்று காலை அவர் வாசலிலேயே நின்றார். தெருவில் கூட்டமில்லை. முழங்கால் வலியால் கடையை விட்டே நகராத அக்கா, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கடைப் படியிலும் நின்று நின்று தெற்கே வந்தாள். அவளுக்கு இவ்வளவு நடக்க முடியும் என்று அவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

அவர் கிளம்பினார். மனைவியும் கூடவே வந்தாள். நடை வேகமாகி ஓட்டமானது. கம்பத்துக்கு நாலு எட்டு முன்னால் நின்றுவிட்டார்.

"ஏன் நின்னுட்டீங்க? பஸ் நிறுத்தம் வரைக்கும் போகலாம்தானே?"

"வரைன்னுதான் சொன்னேன்."

"அதேதான். போங்க."

"வரைன்னா அதையும் சேர்த்தா, அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுதா?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கழுத்து வரைக்கும் தண்ணின்னா கழுத்து நனையுமா, நனையாதா?"

"கழுத்து நனையும். ஆனா வாசல் வரைக்கும் வந்தேன்னா, வீட்டுக்குள்ள வந்ததா அர்த்தமில்லையே."

அக்கா இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்ணாடியின் காதுக்கம்பி ஒன்று கழன்றிருந்தது. பொத்தான் தைக்கிற நூலால் கட்டிவைத்திருந்தாள். ஒரு சிறு திருகாணி கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மாதிரித் திருகாணி அவர் சட்டைப் பையில் இருந்தது, திருப்புளியோடு. எப்போதும் இருக்கும். ஒரு மூச்சு விடுகிற நேரத்து வேலை. எறியக் கூடாது. எட்டிக் கொடுக்கவும் கூடாது. நூல் முடிச்சு அவள் கன்னத்தில் உறுத்தியது இங்கிருந்தே தெரிந்தது.

"என்னடா, அங்கேயே நிக்கற?" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். பெஞ்சு எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா? வெளியே என்றால் குரல் போகும்.

"விடு. பேசாட்டி போ," என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல் கைகூப்பினாள். பிரிகிறபோது சமணர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். சின்னவர், பெரியவர் என்று பார்ப்பதில்லை. "தெரிஞ்சோ தெரியாமலோ, மனசால வாக்கால உடம்பால உன்னை நோகடிச்சிருந்தா என்னை மன்னிச்சுக்கடா தம்பி."

இதற்குப் பதில் உண்டு. அதே வார்த்தைகள்தான். குழந்தைக்கும் தெரியும். ஒருவர் சொல்லி மற்றவர் சொல்லாவிட்டால் அது பாதியில் நிற்கும். அவர் மனதில் அந்தச் சொற்கள் முழுசாக, வரிசையாக நின்றன. அவற்றுக்கு முன்னால், வழியை அடைத்துக்கொண்டு, வரை என்ற ஒரு சொல் நின்றது.

பஸ் வந்தது. அங்கே நின்றிருந்தவர்கள் நல்லவர்கள். ஒரு வயதான அம்மாவை ஏற்றிவிட ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். யார் கையும் தவறவில்லை, அவர் கை ஒன்றைத் தவிர. ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. அவள் பார்த்தாள், எதற்கோ காத்திருந்தாள். போனில் காத்திருந்ததைவிடக் கூடுதலாகவே காத்திருந்தாள்.

பஸ் நகர்ந்து தெருக்கோடியைத் தாண்டிய பிறகு, "என்னையும் மன்னிச்சுக்க, அக்கா" என்றார். புகை மட்டும் இருந்தது.

அதன் பிறகு அவர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். விதி இருந்தால் இருக்கட்டும், இந்த முறை மணி அடித்தால் பேசிவிடுவது. மழை முடிந்து வெயில் வந்தபோது மணி அடித்தது. எடுத்த உடனே, எங்கே தைரியம் போய்விடுமோ என்று மூச்சுவிடாமல் பேசினார். கம்பம் நகர்ந்தது, கண்ணாடியைத் திருப்பி வைத்தது, தலையணையில் இருமியது, போனில் தலையாட்டியது, திருகாணி பையிலேயே இருந்தது, கோபம் ஒன்றுமே இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, மன்னிச்சுக்க, மனசால வாக்கால உடம்பால, மன்னிச்சுக்க அக்கா.

அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை.

"மாமா," என்றது குரல். அக்காவின் மகள். "நான்தான் மாமா பேசறேன். அம்மா காலையில..."

அவர் கேட்டுக்கொண்டார். வைத்துவிட்டு எழுந்தார். தெருவில் இறங்கி வடக்கே நடந்தார். கம்பம் வந்தது. நிற்காமல் தாண்டினார். தாண்டியபோது ஒன்றுமே ஆகவில்லை. எறும்புகள் அவருக்கு வழிவிட்டன. காலைப் பார்த்துத்தான் வைத்தார், அதை மட்டும் மறக்கவில்லை. பொத்தான் கடைக் கதவு பூட்டியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் திரும்பி, தன் கடை அங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்தார். மிகப் பக்கத்தில் தெரிந்தது. ஒரு கண்ணாடியும் முகம் காட்டவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

அந்தத் தெரு மிகக் குறுகல். இன்றுவரை அதற்குள் ஒரு பஸ்கூட வந்ததில்லை. இதுவும் சத்தியம்.